கண்டுபிடித்த போலி மறுபடி சந்தைக்குப் போகக் கூடாது: போலி மின்னணுப் பாகங்களைத் தடுக்கும் வல்லுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்னணு உற்பத்தியில் போலி உதிரிபாகங்கள் நுழையாமல் தடுக்கும் பணியில் இருக்கும் தரநிலைக் குழு உறுப்பினர்களுக்கும், சோதனைக்கூட ஆய்வாளர்களுக்கும், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கும், சில்லு உற்பத்தி நிறுவனங்களில் இதற்கெனப் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஆலை மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டு போர்டுகளைச் செய்து தரும் சிறிய நிறுவனம் ஒன்றில், வந்திறங்கும் பாகங்களைச் சோதித்து உற்பத்திப் பிரிவுக்கு அனுப்பும் வேலையை 15 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் குழுக்கள் எதிலும் எனக்கு இடமில்லை. உங்கள் மாநாடுகளில் நான் பேசியதுமில்லை. ஆனால் நீங்கள் எழுதும் விதிகள் கடைசியில் வந்து சேரும் மேசை என்னுடையதைப் போன்ற ஒரு மேசைதான். நுண்ணோக்கி ஒன்றும், பஞ்சும், ஒரு புட்டி அசிட்டோனும் மட்டுமே அங்கே இருக்கும். அந்த மேசையில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து எழும் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டு சில்லுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த நேரம். நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்கு (கருவியை இயக்கும் சிறு கணினிச் சில்லுக்கு), அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றார். வேறு வழியின்றி எங்கள் கொள்முதல் பிரிவு ஒரு தரகரிடமிருந்து 2,000 சில்லுகளைத் தருவித்தது. காற்றுப் புகாத உறை, ஈரப்பதம் காட்டும் அட்டை, தேதிக் குறியீடு, இணக்கச் சான்றிதழ் எல்லாமே ஒழுங்காக இருந்தன. மாதிரிக்கு எடுத்த சில்லுகளில் புரோகிராம் ஏறியது. அவற்றைப் பொருத்திய போர்டுகளும் ஓடின. ஒன்று மட்டும் என் கண்ணை உறுத்தியது. சில்லின் முதல் கால் எது என்று காட்டும் வட்டக் குழி, ஒரே டிரேயில் அடுத்தடுத்து இருந்த சில்லுகளில் வெவ்வேறு ஆழத்தில் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த குழியின் ஆழம் அப்படி மாறாது. மேற்பரப்பைத் தேய்த்திருந்தால்தான் மாறும்.

அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் அழுத்தித் துடைத்தும் எதுவும் கரையவில்லை. வெளிச் சோதனைக்கூடம் ஒன்றில் சூடாக்கிய கரைப்பானில் இட்ட பிறகுதான் மேலே பூசியிருந்த கருப்புப் படலம் உரிந்து, அடியில் ஒரே திசையில் ஓடிய தேய்ப்புக் கீறல்கள் தெரிந்தன. ஈயம் கலவாதது என்று உறையில் அச்சிட்டிருந்த பாகத்தின் கால்களில் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி ஈயத்தைக் காட்டியது. இரண்டு சில்லுகளின் பிளாஸ்டிக் உறையை அமிலத்தால் கரைத்து உள்ளே இருந்த சிலிக்கனைப் பார்த்தபோது, அதில் பொறித்திருந்த பதிப்பு எழுத்து, வெளியே அச்சிட்டிருந்த தேதிக்குப் பல ஆண்டுகள் முன்பே உற்பத்தியாளர் கைவிட்டுவிட்ட பதிப்பைச் சேர்ந்தது என்று அந்த உற்பத்தியாளரின் பிழைத்திருத்தப் பட்டியலிலிருந்தே தெரிந்தது. பழைய போர்டுகளிலிருந்து கழற்றி, தேய்த்து, பூசி, புதிய தேதியை அச்சிட்டு, கால்களுக்கு மறுபடி சால்டர் முலாம் ஏற்றிய சில்லுகள் அவை.

சோதனையில் 12 சில்லுகள் சிதைந்தன. மீதமிருந்த 1,988 சில்லுகளையும் திருப்பி அனுப்பினால் பணத்தைத் தருவதாகத் தரகர் ஒப்புக்கொண்டார். அனுப்பாவிட்டால் பணம் இல்லை என்றார். எங்களைப் போன்ற சிறு நிறுவனத்தால் அந்தத் தொகையை இழக்க முடியாது. நிர்வாகம் திருப்பி அனுப்ப முடிவு செய்தது. டிரேக்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கியவன் நான்தான். நான்கு மாதங்கள் கழித்து, முற்றிலும் வேறொரு தரகரின் இருப்புப் பட்டியல் எங்கள் கொள்முதல் பிரிவுக்கு வந்தது. அதே பாக எண், அதே லாட் எண் (ஒரே தொகுதியாக உற்பத்தியானவற்றுக்கு இடும் எண்), அதே தேதிக் குறியீடு, இருப்பு 1,988. அது நாங்கள் அனுப்பிய பெட்டிதான் என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு, கண்டுபிடித்ததால் நான் காப்பாற்றியது எங்கள் போர்டுகளை மட்டுமே என்பதும், அடுத்து வாங்கப்போகிறவரிடம் அந்தச் சில்லுகள் போய்ச் சேர நானும் ஒரு கண்ணியாக இருந்தேன் என்பதும் எனக்குத் தெளிவாகிவிட்டன.

என் கோரிக்கை இதுதான்: போலியைக் கண்டுபிடிக்கும் கலையில் நீங்கள் செலுத்திய உழைப்பில் ஒரு பங்கையேனும், கண்டுபிடித்த பிறகு அந்தப் போலிக்கு என்ன நேர்கிறது என்பதில் செலுத்துங்கள்.

சந்தேகத்துக்குரிய பாகத்தைத் தனியே பூட்டி வைக்க வேண்டும், அது விநியோகச் சங்கிலிக்குள் மறுபடி நுழையக் கூடாது என்று நீங்கள் எழுதிய தரநிலைகளே சொல்கின்றன என்பதை நான் அறிவேன். வாகன, விமானத் தொழில்களுக்குத் தரநிலை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் ஏஎஸ் 5553 தரநிலை 2009இல் வெளிவந்ததும், சோதனை முறைகளை வகுத்துச் சொல்லும் ஏஎஸ் 6171 தரநிலை 2016இல் வந்ததும் எங்கள் தொழிலுக்குக் கிடைத்த பெரும் கொடைகள். என் மேசையில் நான் செய்யும் கரைப்பான் சோதனை முதல் பிறர் கூடத்தில் செய்யும் உறை நீக்கம் வரை அனைத்துக்கும் ஒழுங்கு கிடைத்தது அவற்றால்தான். ஆனால் அந்தத் தரநிலைகள் விண்வெளித் துறைக்கும் பாதுகாப்புத் துறைக்கும் ஏற்ப வார்க்கப்பட்டவை. அங்கே வாங்குபவரின் கை ஓங்கியிருக்கும். ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை எழுதினாலும் விற்பவர் கையெழுத்திடுவார். 2,000 சில்லு வாங்கும் எங்களிடம் அந்த வலு இல்லை. பூட்டி வை என்ற விதி, பூட்டி வைத்ததற்கான இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதவரை, எங்களுக்குத் தாளில் இருக்கும் விதியாகவே இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வாங்கும் தொகையை மூன்றாம் தரப்பு ஒருவரிடம் வைப்பாக வைத்து, சோதனை அறிக்கை வந்த பிறகே விற்பவருக்கு விடுவிக்கும் ஏற்பாடு இந்த வணிகத்தில் ஏற்கெனவே உண்டு. அதோடு இன்னொரு நிபந்தனையும் சேர வேண்டும்: சுதந்திரமான சோதனைக்கூடம் போலி என்று உறுதி செய்த லாட்டைத் திருப்பித் தரும் கடமை வாங்கியவருக்கு இல்லை, பணம் முழுவதும் திரும்ப வேண்டும், பாகங்கள் சான்றுடன் அழிக்கப்பட வேண்டும். இதை ஒரு மாதிரி ஒப்பந்த வாசகமாக நீங்கள் எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இலவசமாக வெளியிட்டால், அதைத் தரகர் முன் நீட்டும்போது பேசுவது நான் ஒருவன் மட்டுமாக இருக்காது. அதை ஏற்க மறுக்கும் தரகரைப் பற்றி, அந்த மறுப்பே எங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடும்.

அடுத்தது, அறிந்ததை அறிவிப்பது. 2012 மே மாதம் அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு வெளியிட்ட அறிக்கையை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 1,800 சந்தேக நேர்வுகளையும், அவற்றில் அடங்கிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்களையும் அந்த விசாரணை கண்டது. அந்த எண்ணிக்கையைவிட என்னை அதிகம் கவலைக்குள்ளாக்கியது, போலியைக் கண்டவர்களில் பலர் அதை அரசுக்கோ தொழில்துறையின் பொதுத் தரவுத்தளத்துக்கோ தெரிவிக்கவே இல்லை என்று அதே அறிக்கை சொன்னதுதான். அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2011 இறுதியில் நிறைவேறிய பாதுகாப்பு ஒப்புதல் சட்டத்தின் 818ஆம் பிரிவு, பாதுகாப்புத் துறை ஒப்பந்ததாரர்கள் சந்தேகப் பாகத்தை 60 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதைவிடச் சிறப்பான ஒரு காரியத்தையும் அது செய்தது. நியாயமான முயற்சி எடுத்து ஆராய்ந்த பிறகு அறிவிப்பவர் மீது, அப்படி அறிவித்ததற்காக உரிமையியல் வழக்குத் தொடர முடியாது என்று பாதுகாப்பும் அளித்தது.

இந்தப் பாதுகாப்பு ஒரு நாட்டின் பாதுகாப்புத் துறைக்குப் பொருள் விற்பவர்களுக்கானது. அறிவிப்புகள் போய்ச் சேரும் அரசு–தொழில்துறை தரவுப் பரிமாற்றத் திட்டம் அமெரிக்க, கனடா அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. தனியார் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்ட வேண்டும். தரநிலை ஆவணங்களையே விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தரவுத்தளத்தை நடத்துவதற்கும் பணம் தேவை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விளைவு ஒன்றே. ஏவுகணைக்குப் பாகம் வாங்குபவர் எச்சரிக்கப்படுகிறார். மருத்துவமனைக் கருவிக்கும், மின்தூக்கிக்கும், ஆலை மோட்டாருக்கும் அதே தரகரிடம் அதே லாட்டை வாங்குபவருக்கு எச்சரிக்கை எட்டுவதில்லை. முதலாமவர் வேண்டாம் என்று திருப்பியது இரண்டாமவரிடம் வருகிறது. ஒரு பக்கம் மட்டும் கட்டிய கரை, வெள்ளத்தை மறுபக்க ஊருக்குள் திருப்பிவிடும்.

ஆகவே, எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பதிவேட்டை உருவாக்குங்கள் என்று வேண்டுகிறேன். அதில் விற்றவரின் பெயர் வேண்டாம். அவதூறு வழக்கு குறித்த அச்சத்தால் பதிவேடு தொடங்கும் முன்பே முடங்கிவிடும். பாக எண், லாட் எண், தேதிக் குறியீடு, மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் காட்டும் தெளிவான படங்கள், செய்த சோதனை, கண்டது என்ன, சரக்கு இப்போது பூட்டிய நிலையில் உள்ளதா, அழிக்கப்பட்டதா, திருப்பி அனுப்பப்பட்டதா என்ற குறிப்பு ஆகியவை போதும். அந்தக் கடைசிக் குறிப்பே எனக்கு மிக முக்கியமானது. திருப்பி அனுப்பப்பட்டது என்று ஒரு வரி இருந்தால், அந்த லாட் எண்ணை அடுத்தவர் பட்டியலில் பார்ப்பவர் நின்று யோசிப்பார்.

இந்த இடத்தில் என் மேசையிலிருந்து ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் பழி சுமத்துவதும் இந்தத் தொழிலில் நடக்கும் தவறுதான். நானே ஒருமுறை செய்திருக்கிறேன். ஒரு ஆம்ப்ளிஃபையர் சில்லின் எழுத்துரு முன்பு வந்தவற்றிலிருந்து மாறுபட்டிருந்ததாலும், எக்ஸ்ரே படத்தில் உள்ளே இருந்த சிலிக்கன் சிறியதாகத் தெரிந்ததாலும், அந்தச் சில்லுகள் சுற்றியிருந்த ரீலைப் போலி என்று எழுதிவிட்டேன். உற்பத்தியாளர் வடிவமைப்பைச் சுருக்கி, உறையிடும் பணியை வேறொரு ஆலைக்கு மாற்றியிருந்தார் என்பதும், அதற்கான மாற்ற அறிவிப்பு முறையாக வெளிவந்திருந்தது என்பதும் பிறகு தெரிந்தன. ரீல் அசலானது. ஆகவே பதிவேட்டில் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து எதையும் ஏற்றக் கூடாது. வெவ்வேறு வகையான இரண்டு சோதனைகளாவது ஒத்துப்போக வேண்டும். மறுப்புச் சொல்ல உற்பத்தியாளருக்கும் விற்றவருக்கும் இடம் இருக்க வேண்டும். தவறு என்று தெரிந்தால் பதிவு நீக்கப்பட்ட செய்தியும் பதிவாக இருக்க வேண்டும்.

இங்கேதான் சில்லு நிறுவனங்களில் இருக்கும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்த ஒவ்வொரு முறையும் உங்களைப் போன்றவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட வழியில் வாங்காத பாகத்தைக் குறித்துக் கருத்துச் சொல்வதற்கில்லை என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் வந்தது. உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. வெளியே வாங்கிய சரக்குக்கு நீங்கள் நற்சான்று கொடுத்துவிட்டு அது பழுதானால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஆனால் இந்த லாட் எண்ணும் தேதிக் குறியீடும் உங்கள் பதிவேட்டில் சேர்ந்து வருகின்றனவா என்று கேட்பது நற்சான்று கேட்பதாகாது. 'அப்படி ஒரு லாட்டை நாங்கள் அனுப்பவில்லை' என்ற ஒரு வரிப் பதில், சோதனைக்கூடத்தில் பல நாட்கள் செய்யும் வேலையை மிச்சப்படுத்தும். எழுத்துரு, அச்சு முறை, அடையாளக் குழியின் அளவு போன்றவற்றை வெளியிட்டால் போலி செய்பவர் கற்றுக்கொள்வார் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். அசல் பாகம் அவர் கையில் இருக்கிறது. பார்த்துச் செய்ய அவருக்கு உங்கள் ஆவணம் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அசல் இல்லாமல் தவிப்பவர் என்னைப் போன்ற பரிசோதகர்தான். சில ரகசிய அடையாளங்களை நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் திறந்து வையுங்கள்.

போலிக்கு எதிரான நடவடிக்கை யார் மீது போய் விழுகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சில்லுக்கான டிரைவர் மென்பொருள், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் பரவி, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி, அவை கணினியோடு பேச முடியாதபடி செய்தது. தன் உழைப்பைத் திருடியவர்கள் மீது அந்த நிறுவனத்துக்கு இருந்த கோபம் நியாயமானது. ஆனால் அடி விழுந்தது, அசல் என்று நம்பி விலை கொடுத்து வாங்கி, தன் கருவிக்குள் என்ன சில்லு இருக்கிறது என்றே அறியாத கடைசிப் பயனாளர் மீது. எதிர்ப்பு வலுத்ததும் அந்தப் புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கருவிகளைச் செய்த உற்பத்தியாளர்களில் ஏமாற்றப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். லாட் எண்களோடு ஓர் எச்சரிக்கை முன்கூட்டியே பொதுவில் இருந்திருந்தால், அந்தக் கருவிகளில் சிலவாவது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பாமல் தடுத்திருக்க முடியும்.

சில்லுக்குள்ளேயே கைரேகை போன்ற தனி அடையாளம் வைப்பது, தாவர டிஎன்ஏ கலந்த மையால் குறியிடுவது, 2014இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்ப்பா தொடங்கிய திட்டத்தைப் போல மணலினும் சிறிய காப்புச் சில்லை உறைக்குள் பதிப்பது ஆகியவற்றையெல்லாம் ஆர்வத்தோடு படித்து வருகிறேன். இவை இனிப் பிறக்கும் பாகங்களுக்கான காப்பு. எங்களைத் தரகர்களிடம் அனுப்புவதோ, உற்பத்தி நின்று 10 ஆண்டுகளோ 20 ஆண்டுகளோ ஆன பழைய பாகங்கள். மோட்டார் கட்டுப்பாட்டு போர்டு கால் நூற்றாண்டு ஓடும். அதில் உள்ள சில்லின் உற்பத்தி அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். பழைய பாகத்துக்குப் புதிய அடையாளம் எதுவும் உதவாது. அதை அறிந்தவர்களிடையே செய்தி பரவுவது ஒன்றே உதவும்.

தரகர் சந்தை எத்தகையது என்பதை அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2012இல் காட்டிவிட்டது. கற்பனை நிறுவனம் ஒன்றின் பெயரில் இணையச் சந்தைகளில் அது வாங்கிச் சோதித்த 16 பாகங்களில் ஒன்றுகூட நேர்மையான சரக்காக இல்லை. அவற்றில் நான்கு, உலகில் எந்த நிறுவனமும் தயாரிக்காத, அலுவலகமே இட்டுக்கட்டிய பாக எண்களுக்கு வந்தவை. கேட்ட எண்ணை அச்சிட்டுக் கொடுக்கும் சந்தையில் கண்பார்வைச் சோதனையை மட்டும் நம்பி நிற்க முடியாது.

கழற்றிய சில்லுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அவை வேலை செய்கின்றனவே, அப்புறம் என்ன என்று எங்கள் நிறுவனத்துக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. வேலை செய்வதுதான் அவற்றின் ஆபத்து. நெருப்பில் வாட்டிக் கழற்றியபோது உறைக்கும் சிலிக்கனுக்கும் இடையே விழுந்த பிளவும், நீரில் அலசியபோது உள்ளே போன ஈரமும், நிலைமின்சாரத்தால் பாதி எரிந்த நுண்ணிய டிரான்சிஸ்டரும் முதல் நாள் சோதனையில் வெளிப்படாது. ஈரம் ஏறிய உறை சால்டர் அடுப்பின் சூட்டில் பொரிபோல வெடிக்கலாம்; வெடிக்காமல் தப்பியது சில மாதங்கள் கழித்து, வெப்பமான ஓர் அறையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரத்தை இடையில் நிறுத்தலாம். அப்போது பழுது எங்கள் போர்டின் பெயரில் பதிவாகும். சில்லின் பெயர் வெளியே வராது. போலியால் விளைந்த பழுதுகள் எத்தனை என்ற கணக்கு எவரிடமும் முழுமையாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். பழுதான போர்டைத் திருத்துபவர்களிடமிருந்தும் பதிவேட்டுக்குத் தகவல் வர வழி செய்யுங்கள்.

என்னிடம் இருப்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த லாட்டின் 12 சில்லுகளில் எஞ்சியவற்றை நிலைமின்சாரம் தாக்காத உறையில் இட்டு, என் மேசையின் பூட்டிய இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கரைப்பானில் இடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கால்களின் எக்ஸ்ரே ஒளிர்வு அளவீடுகள், சிலிக்கனில் உள்ள பதிப்பு எழுத்தின் படம், டிரே முத்திரை, உறையின் லேபிள், சான்றிதழின் நகல் ஆகிய அனைத்தும் தேதி வாரியாக உள்ளன. அவற்றை வெளியே தர எங்கள் நிர்வாகமும் இசைந்துவிட்டது. அறிவித்ததற்காக வழக்கை எதிர்கொள்ள நேராது என்ற உறுதி மட்டும் அவர்களுக்குத் தேவை. அந்த உறுதியுடன் இவற்றைப் பெற்றுக்கொண்டு, அந்த லாட் எண்ணை உலகில் எவரும் தேடினால் கிடைக்கும்படி வைக்கும் இடம் எது என்று உங்களில் ஒருவர் சொன்னால், மறுநாளே அனுப்பி வைக்கிறேன்.

மரியாதையுடன்,
உள்வரும் பாகங்களைச் சோதிக்கும் ஒரு தரப் பரிசோதகர்